இரண்டு உறைகளுக்குள் ஒரு நாடி

அந்த வசந்தத்தில் எங்கள் ஊரே வினிகர் வாசனை அடித்தது. முத்து நதிக்கரைத் தெருக்களில் வீட்டுக்கு வீடு அடுப்பில் வினிகரைக் கொதிக்கவைத்தார்கள். நுரையீரலைப் பிடிக்கும் புதுக் காய்ச்சல் ஒன்று பரவியிருந்தது; ஆவி அதன் கிருமியைக் கொல்லும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவில் மட்டும் வேறு வாசனை. பிளீச்சிங் தண்ணீரின் நெடியோடு, கீழ்த்தளத்திலிருந்து ஏறி வரும் கஷாய மணம். இப்போதும் ஏதாவது மருந்துக்கடையைத் தாண்டும்போது அது மூக்கில் பட்டால், நான் முகக்கவசத்துக்காகக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது நான் அங்கே நர்ஸ். நுரையீரல் டாக்டர் யிப் வாய்லானுக்கும் மூலிகை டாக்டர் டாம் போக்ஹோய்க்கும் நடுவில் பேச்சைச் சுமப்பதும் என் வேலையாகிவிட்டது. வாய்லான் ஒரு காலத்தில் போக்ஹோயின் மனைவி. வீட்டில் ஒருவர் தும்மினாலும் யார் மருந்து என்று சண்டை வருமாம். தும்மல் நின்ற பிறகும் சண்டை நிற்காமல் போய், பிரிந்துவிட்டார்கள். ஒரே கட்டடம், ஆனாலும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் சுவர் சுவாரசியமாகிவிடும்.

நோய் பெருகியதும் மேலிடம், எல்லா நோயாளிகளுக்கும் இரண்டு வைத்தியமும் சேர்த்துக் கொடுங்கள் என்றது. வாய்லான் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் எழுதுவார். போக்ஹோய் நாக்கைப் பார்த்து, நாடி பிடித்துக் கஷாயம் எழுதுவார். அந்தச் சீட்டு வாய்லான் கைக்கு வந்தால் பேனா நேராக ஒரு வரிக்குப் போய் அதை அடித்துவிடும்.

"அதிமதுரம் வேணாம்னு உங்க டாம் டாக்டர்கிட்ட சொல்லு. ஸ்டீராய்டோட அதுவும் போனா பொட்டாசியம் இறங்கிடும். இதயம் தடுமாறும்."

நான் இறங்கிப் போய்ச் சொன்னால் போக்ஹோய் முகம் சிவக்கும். "அதிமதுரம்தான் மத்த மருந்தையெல்லாம் ஒண்ணாக் கூட்டிட்டுப் போகும். அது இல்லாத கஷாயம் தலைவர் இல்லாத கூட்டம். போய்ச் சொல்லு."

சொன்னேன். "கூட்டத்துல செத்துப்போறது நோயாளி" என்று பதில் வந்தது. அதையும் கொண்டுபோனேன். வாய்லான் அடித்த கோட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, போக்ஹோய் வேறு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் பிழைக்கவில்லை. வாத்துக்கறிக் கடைக்காரர் ஒருவருக்கு இருவரும் தங்களால் ஆனதையெல்லாம் கொடுத்தார்கள். போய்விட்டார். அன்று இரண்டு பேருமே சாப்பிட வரவில்லை.

பிறகு வாய்லானுக்குக் காய்ச்சல் வந்தது. எத்தனை பேருக்குத் தொண்டையில் குழாய் இறக்கியவர்! எக்ஸ்ரேயைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ரெண்டு பக்கமும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கையில் ஏறிக்கொண்டார்.

கீழே போய்ச் சொன்னேன். போக்ஹோய் தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கவச உடை மாட்டிக்கொண்டு மேலே வந்தார். கையுறை இரண்டு அடுக்கு, கழற்றக் கூடாது. வாய்லான் கையைத் தூக்கி மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். எவ்வளவோ நேரம் அப்படியே இருந்தார்.

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரப்பருக்குள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப கையை விடுங்க."

"இன்னும் பாத்து முடிக்கல."

நான் டிரிப்ஸ் பாட்டிலைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.

மாலையில் முதல் குவளையைக் கொண்டுபோனேன். வாய்லான் முகமூடியை விலக்கி மோந்து பார்த்தார். "அதிமதுரம் போட்டிருக்காரா? போய்க் கேட்டுட்டு வா."

கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "போடல. அவ சொன்னது சரிதான். இத மட்டும் அவகிட்ட சொல்லித் தொலைக்காதே."

மேலே வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வாய்லான் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, நான் பயந்துபோய் முகமூடியைத் திரும்ப மாட்டினேன். அடங்கியதும் குவளைக்குக் கை நீட்டினார். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது.

"இந்தக் கசப்பு… கல்யாணமே தேவலாம்." ஆனாலும் முழுசும் குடித்தார்.

இரண்டு இரவுகள் குழாய் போட வேண்டியிருக்குமோ என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தோம். போக்ஹோய் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. குழாய் தேவைப்படவில்லை. காய்ச்சல் மெல்ல இறங்கியது. எது இறக்கியது என்று எனக்குத் தெரியாது.

"ஸ்டீராய்டு" என்றார் வாய்லான்.

"பேசுறதுக்குத் தெம்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு" என்றார் போக்ஹோய். அவர்கள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஆனாலும் என் வழியாகவே பேசினார்கள்.

அவர்கள் திரும்பச் சேர்ந்து வாழவில்லை. போக்ஹோய் ஓய்வு பெற்று மலைப்பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. எனக்கு அந்த வருடத்தை நினைத்தால் வேறொன்றுதான் கண்ணில் நிற்கிறது. வாய்லான் வீடு திரும்பிய காலை. மருத்துவமனை வாசலுக்கு வெளியே இலவமரம் பூவெல்லாம் கொட்டியிருந்தது. வண்டிக்கு நடந்துகொண்டிருந்த வாய்லான் சட்டென்று நின்று, சூப்பில் போடுவதற்கு அந்தக் கனத்த சிவப்புப் பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். குனியும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. பக்கத்தில் போக்ஹோய், தன் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் நிமிரும்வரை ஒவ்வொரு முறையும் காத்து நின்றார்.