பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

அந்த வெள்ளிக்கிழமை எழுந்ததிலிருந்தே அஸ்வினிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்குக் கை நடுங்கும். அவளுக்குச் சிரிப்பு வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றும் அப்படித்தான், பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். காபித் தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து, நல்ல கலகலப்பான பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்றைய பயத்துக்குக் காரணம், திண்டிவனத்து வீட்டின் முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு அச்சகத்துக்கு அவள் அதில் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அதன் வயிற்றுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். பல் இல்லாதவர் கொட்டைப்பாக்கை உருட்டுவதுபோல. விழுப்புரத்தில் அதை விற்ற லூர்து பிரகாஷுக்கு நேற்று போன் செய்து, சத்தத்தைக் கேட்கட்டும் என்று மொபைலை இயந்திரத்தின் அருகில் பிடித்தாள்.

"ஹார்டு டிஸ்க் போவுதுங்க மேடம்," என்றான் அவன். "இன்னும் ரெண்டு தடவ, மூணு தடவ ஆன் ஆனா பெரிசு. நிறுத்திட்டு இனிமே தொடவே தொடாதீங்க."

தன் வேலைகளை அஸ்வினி முன்னமே சிடியில் ஏற்றி வைத்திருந்தாள். அவளுடைய சொத்து நாலு சிடியில் அடங்கிவிட்டது. மாமியாருடைய சொத்துதான் எதிலும் அடங்கவில்லை. அது ஒரு எண். இருநூற்றுப் பதினொன்று.

மாமியார் வீரம்மாள் கம்ப்யூட்டரில் ஃப்ரீசெல் என்ற சீட்டாட்டம் ஆடுவாள். மகன் அன்புச்செல்வன் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போனதும், சமையலை முடித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். இங்கிலீஷ் தெரியாது, சீட்டு தெரியும். அந்த ஆட்டத்தில் தொடர்ந்து எத்தனை முறை ஜெயித்திருக்கிறோம் என்று ஒரு கட்டத்தில் எண் வரும். ஒரே ஒரு முறை தோற்றால் போதும், அது பூஜ்யமாகிவிடும். வீரம்மாள் ஒன்றரை வருடமாகத் தோற்கவில்லை.

இது மகனுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா சீட்டில் ஒரு ஜோடி மாட்டைத் தோற்றவர். அந்த மாடுகளை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனதை எட்டு வயதில் பார்த்தவன் அன்புச்செல்வன். இந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது. அது கம்ப்யூட்டர் வழியாக நுழையும் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

முதல் நாள் பிடிபட்டபோது வீரம்மாள் மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவுரு ஆடும்போது பின்னாடி நின்னு டீ குடுப்பேன். எந்தச் சீட்டப் போடக் கூடாதோ அதத்தான் போடுவாரு. எனக்குத் தெரியும். வாயத் தொறக்க முடியுமா? சொம்ப எடுத்துக்கினு வந்துடுவேன்."

அதற்குப் பிறகு அஸ்வினி அந்த நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு வைத்தாள். ஒவ்வொரு முறையும் எண் ஏறும்போது, தான் ஜெயித்ததுபோல ஒரு கிறுகிறுப்பு அவளுக்கு. யார் யாருக்கோ கல்யாணத் தேதியை டைப் செய்து கொடுப்பவளுக்கு, தன் வீட்டில் வளர்கிற ஒன்று அந்த எண்தான் என்று தோன்றும். அது ஏன் மாமியாருடையதாக இருக்கும்போது இவ்வளவு இனிக்கிறது என்று யோசித்திருக்கிறாள். தன் அம்மா எதையும் ஜெயித்து அவள் பார்த்ததில்லை. ஒருவேளை அதனால் இருக்கலாம்.

அந்த எண் எந்த ஃபைலிலும் இல்லை, விண்டோஸின் உள்ளே எங்கோ கிடக்கிறது என்று லூர்து பிரகாஷ் சொன்னான். புதிதாக விண்டோஸ் போட்டால் போய்விடும். பழைய டிஸ்கை அப்படியே, ஒரு புள்ளி விடாமல், இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்தால் மட்டும்தான் வரும். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னான். சாகக் கிடக்கிற டிஸ்கை விக்கிரவாண்டி ரோட்டில் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு போக அஸ்வினிக்கு மனம் வரவில்லை. நாலுவழிச் சாலை போடுகிறேன் என்று அந்த ரோட்டையே உழுது வைத்திருந்தார்கள்.

"நானே பண்றேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சிரிப்பு அப்போதே தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டரை நிறுத்துமுன் காலண்டர் ஓரத்தில் 211 என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணி பஸ்ஸில் விழுப்புரம் போனாள். லூர்து பிரகாஷ் ஒரு டிஸ்கை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"உங்க மெஷின் வந்த அதே காலேஜ்ல கழிச்சுக் கட்டுன லாட்டுதான் மேடம். அதே கம்பெனி, அதே நாப்பது ஜிபி, அதே தேதி. அண்ணன் தம்பி மாதிரி."

"அப்ப இதுவும் சீக்கிரம் போயிடுமா?"

"இது பிரின்ஸ்பால் ரூம்ல இருந்தது. துணி போட்டு மூடி வச்சிருந்தாரு. ஆன் பண்ணதே இல்ல." பிறகு ஒரு சிடியைக் கொடுத்துக் குரலைத் தாழ்த்தினான். "கேபிள்ல ரெண்டு பிளக் இருக்கும். நுனியில பழசு, நடுவுல புதுசு. இந்த சிடி, நுனியில இருக்கறத எடுத்து நடுவுல இருக்கறதுல கொட்டிடும். மாத்திப் போட்டீங்கன்னா காலி டிஸ்க் போய் பழசு மேல உக்காந்துரும். அப்புறம் ஆண்டவரே எறங்கி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

மாமியார் வாங்கி வரச் சொன்ன இரண்டு கிலோ மல்லாட்டைப் பயிறு, உரித்த வேர்க்கடலை, பையில் இருந்தது. டிஸ்கைச் செய்தித்தாளில் அரைகுறையாகச் சுற்றி, அந்தப் பயிறுக்குள் குழி பறித்துப் புதைத்தாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தபோது, மடியில் பை மெத்தென்று அசைந்து அடங்கியது. பக்கத்து சீட்டுக்காரம்மா ஒரு கை பயிறு கேட்டு உள்ளே கைவிட்டு, "இன்னாம்மா, கல்லு கெடக்குது?" என்றாள். அஸ்வினிக்குச் சிரிப்பை அடக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வீடு வந்தபோது பன்னிரண்டு. கரண்ட் போய்விட்டது, இரண்டு மணிக்குத்தான் வரும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. நாலு திருகாணிகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை எடுத்தாள். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்தவள், இன்றுதான் உள்ளே பார்க்கிறாள். தூசியும் ஒயரும். இவ்வளவுதானா என்றும் இருந்தது, ஐயோ இவ்வளவா என்றும் இருந்தது. பழைய டிஸ்கை மெல்லக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்தாள். லூர்து சொன்னது சரிதான், அண்ணன் தம்பிதான். அடையாளம் வைக்க பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பழையதன் மேல் ஒட்டினாள். பொட்டு வைத்தது பழசு. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு குளிக்கப் போனாள்.

குளித்து, சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தபோது மின்விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. முன்னறைக்கு ஓடினாள்.

மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது. இரண்டு டிஸ்குகளும் பளபளவென்று அருகருகே கிடந்தன. இரண்டின் நெற்றியிலும் ஒரே அளவில், ஒரே சிவப்பில், புத்தம் புதுப் பொட்டு.

"அத்த."

வீரம்மாள் உள்ளிருந்து வந்தாள். "இன்னாடி?"

"இதுக்குப் பொட்டு யாரு வச்சது?"

"நான்தான். ஒண்ணுக்கு வச்சிட்டு ஒண்ண மூளியா வுட்டுட்டுப் போயிருந்த. வெள்ளிக்கெழம, வீட்டுக்கு வந்த பொருளு. ரெண்டயும் நல்லாத் தொடச்சி, ரெண்டுக்கும் ஒண்ணா வச்சேன். ஏன், கோணலா கீதா?"

பல வருடங்களாக வெறும் நெற்றியோடு இருக்கிறவள் அவள். மருமகளின் பொட்டு அட்டையை எடுத்து, இரண்டு பொட்டை உரித்து, நகத்தால் அழுத்தி ஒட்டியிருக்கிறாள். ஒரு இரும்புத் துண்டுகூட மூளியாக இருக்கக் கூடாது என்று. அந்த விரலைப் பார்த்ததும் அஸ்வினிக்கு அழத்தான் தோன்றியது. வந்தது சிரிப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குடி சிரிக்கிற? பேஜாரா கீது, சொல்லிட்டுச் சிரி."

"அத்த, அந்தப் பொட்டுதான் அடையாளம். எது பழசுன்னு இப்ப தெரியாது. மாத்திப் போட்டா இருநூத்திப் பதினொண்ணு அழிஞ்சிடும்."

வீரம்மாள் தொப்பென்று தலையணை மேல் உட்கார்ந்தாள். இரண்டு டிஸ்கையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று அஸ்வினி பதறிக் குனிந்தாள். அவளும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். தோள் குலுங்க, சத்தம் வராமல், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியக் கூடாத சிரிப்பு.

"உம் மாமனாரு மாட்டத் தோத்தாரு," என்றாள் மூச்சு வாங்கி. "நான் பொட்டு வச்சே தோத்துட்டேன்."

அஸ்வினி லூர்து பிரகாஷுக்குப் போன் போட்டாள். பொட்டுக் கதையைச் சொன்னாள். "ரெண்டுக்குமா மேடம்?" என்றான் அவன். பிறகு, "ஒண்ண மட்டும் மாட்டி ஆன் பண்ணிப் பாருங்க. விண்டோஸ் வந்தா அது பழசு. ஆனா பழசா இருந்தா, மிச்சம் இருக்கற உயிருல ஒண்ணு வீணாப் போச்சு. அது உங்க அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டத்தை நம்பி எதையும் தொடுகிற வீடில்லை அது. அஸ்வினி இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்தாள். ஒரே எடை. முகர்ந்து பார்த்தாள். ஈரத்துணி வாசனை. வீரம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு, ஆட்டத்தின்போது எப்படித் திரைக்குக் கிட்டே போவாளோ அப்படிக் குனிந்து, ஒரு டிஸ்கின் விளிம்பிலிருந்த திருகாணித் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மற்றதை.

"ஒரு ஊக்கு குடு."

தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள் அஸ்வினி. வீரம்மாள் ஒரு துளைக்குள் விட்டு நெம்பினாள். ஊக்கின் முனையில் மெல்லிய, சிவந்த, காகிதம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மல்லாட்டைத் தோல்.

"இதோ பாரு," என்றாள் வீரம்மாள். "இது விழுப்புரத்துலருந்து மல்லாட்ட தின்னுக்கினே வந்திருக்குது. இதான் புதுசு."

அஸ்வினி அவளைக் கட்டிக்கொண்டாள். ஏழு வருடத்தில் முதல் முறை. இருவருக்குமே கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீரம்மாள் விலகி, "ஜல்தி, ஜல்தி. அவன் ஏழு மணிக்கு வந்துடுவான்," என்றாள்.

நுனியில் பழசு. நடுவில் புதுசு. சிடியைப் போட்டாள். பழைய டிஸ்க் ஒரு முறை டிக்கென்றது, இருமுறை டிக்கென்றது, பிறகு மனம் மாறிச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஒரு நீலக்கோடு நகர்ந்தது. பத்து சதவீதம். முப்பது. வீரம்மாள் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவதுபோல ஒரு கல்யாணப் பத்திரிகையால் பழைய டிஸ்குக்கு விசிறினாள். அறுபத்தேழில் கோடு நின்றுவிட்டது. டிக், டிக், டிக். இருவரும் மூச்சு விடவில்லை. பத்து நிமிடம் அப்படியே போனது. அஸ்வினிக்குத் தெரிந்த சாமியெல்லாம் தீர்ந்துவிட்டது. வீரம்மாள் டிஸ்கின் காதருகே குனிந்து, சீட்டாடிய கணவனிடம் அன்று சொல்ல முடியாததைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்: "அத வுடு. தள்ளிப் போ. அடுத்தத எடு."

அறுபத்தெட்டு.

நூறு வந்தபோது மணி ஐந்தரை. பழசைக் கழற்றி, புதியதை நுனியில் மாட்டி, அஸ்வினி ஆன் பண்ணினாள். சத்தமே இல்லை. அந்த அமைதியில் விண்டோஸின் பச்சை மேடும் நீல வானமும் ஒன்றும் நடக்காததுபோல வந்து நின்றன. மவுஸைப் பிடித்த கை வழுக்கியது. ஆட்டத்தைத் திறந்து, எண்ணைத் திறந்தாள்.

212.

காலண்டரைப் பார்த்தாள். 211. திரையைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். வீரம்மாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த. தொடக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"நீ பஸ் ஏறுனதும் ஒண்ணே ஒண்ணு," என்றாள் வீரம்மாள். "ஒருவேள போயிடுச்சின்னா, கடைசியா ஒண்ணு ஆடிக்கலாமேன்னு பார்த்தேன்."

"நடுவுல நின்னிருந்தா?"

"நிக்கல இல்ல."

அஸ்வினிக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது. இந்த முறை பயமில்லை, வெறும் சிரிப்பு. காலுக்கடியில் தரை கொஞ்சம் உயர்ந்துவிட்டது போன்ற சிரிப்பு. அது ஓய்ந்தபோது வீரம்மாள் தலையணையை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"உக்காரு. இந்த ஆட்டம் நீ ஆடு."

"நானா? தோத்துட்டா பூஜ்யம் ஆயிடும், அத்த."

"தெரியும். உக்காரு."

உட்கார்ந்தாள். சீட்டுகள் எட்டு வரிசையாக விழுந்தன. முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு ஆஸ் வெளியே வந்தது, ஒரு ராணி இடம் மாறினாள், கை மெல்ல மெல்லத் தன்னால் போக ஆரம்பித்தது. மேலே, சீட்டை ஒதுக்கி வைக்கிற நாலு காலிக் கட்டத்தில் மூன்று நிரம்பிவிட்டன. பின்னால் மாமியாரின் மூச்சு கேட்டது. ஒரு தப்பான சீட்டின் மேல் அவள் மவுஸ் போனபோது அந்த மூச்சு நின்றது. அவள் கையை எடுத்ததும் மறுபடி வந்தது.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. அன்புச்செல்வனின் பைக். மணி ஆறுதான், இன்றைக்கென்று சீக்கிரம். அஸ்வினி ஆட்டத்தை மூடப் போனாள். பாதியில் மூடினால் அதுவும் தோல்விக் கணக்குதான். விரல் அந்தரத்தில் நின்றது.

அவள் தோளில் ஒரு கை வந்து அழுத்தியது.

"வர்றவன் வரட்டும்," என்றாள் வீரம்மாள், வாசலுக்கும் கேட்கும் குரலில். "நீ அந்த இஸ்பேட் ஆற எறக்கு."