தரைக்கோடு

செவ்வாய், 14. இன்றைய தவறு: அண்ணன் இறந்த நேரத்தைப் படிவத்தில் காலை 6.10 என்று எழுதிவிட்டேன். நர்ஸ் அடித்து 6.20 ஆக்கினார். பத்து நிமிடம் முன்னாலேயே அனுப்பிவைத்திருக்கிறேன்.

எழுதியதைத் தங்கை ஒருமுறை படித்துப் பார்த்தாள். கடைசி வரி தேவையா என்று தோன்றியது. அடிக்க மனம் வரவில்லை. நோட்டை மூடிவிட்டு, சமையலறை மேசையில் கிடந்த சின்னக் கருவியைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அண்ணன் லிப்ட் பழுது பார்த்துச் சேர்த்ததெல்லாம் பிட்காயினாக அதன் பூட்டுக்குள் இருந்தது.

"இன்னும் எத்தன தடவ போடலாம்?" எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி கேட்டாள்.

"ஒண்ணு."

ரகசிய எண் மூன்று முறை தவறினால் கருவி உள்ளிருப்பதையெல்லாம் தானே அழித்துவிடும். கல்யாண நாளும் பிள்ளையின் பிறந்த நாளும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்த வசதிக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தவள் தங்கைதான். மாலை வகுப்பில் கணினிப் பாதுகாப்பு படிக்கத் தொடங்கிய புதிது. போனிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றான் அண்ணன். அவள் விடவில்லை. ஐந்து வகைகளை அட்டவணை போட்டு ஒப்பிட்டாள். போன் தொலைந்தால், போன் உடைந்தால், போன் திருடுபோனால். ஆள் போய்விட்டால் என்று அதில் ஒரு கட்டம் இல்லை.

"ரெண்டு வருஷமா கேட்டிருக்கேன், அந்தப் பொட்டில என்னன்னு," என்றாள் அண்ணி. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கான்னுவாரு. வேற எதையோ மறைக்கிறாருன்னு நெனச்சு ஒரு வாரம் பேசாம இருந்தேன்."

"யார்கிட்டயும்னா... உங்ககிட்டயும்னு நான் சொல்லல அண்ணி."

"உன் பேச்ச அவர் வரிக்கு வரி கேப்பாரு." அண்ணியின் குரலில் கோபம் இல்லை. "அந்த ஒரு வாரம்தான் வீணாப் போச்சு."

கருவி அழிந்தாலும் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் எழுதிய தாள் இருந்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று என்னிடமும் சொல்லாதே என்றவளும் அவள்தான். பீரோ, அரிசி டப்பா, மெத்தைக்கு அடி எல்லாம் பார்த்தாயிற்று.

மூன்று மணிக்கு, ஸ்பேனர் என்று அண்ணன் கூப்பிடும் லிப்ட் வேலைக் கூட்டாளி வேலைப் பையைக் கொண்டுவந்தார். வைத்ததும் மேசை அதிர்ந்தது.

"உள்ள ஒரு லிப்டே இருக்கும் போல. இத்தன வருஷமா எப்படித்தான் சுமந்தாரோ," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து மின்சாரம் அளக்கும் மீட்டரின் உறையை எடுத்துத் திறந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "இத மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு."

தங்கை சட்டென்று உள்ளங்கையால் தாளை மறைத்தாள்.

"நான் படிக்கலம்மா. எனக்கும் இங்கிலீஷுக்கும் ஜென்மப் பகை."

அண்ணி தேநீர் போட்டாள். தங்கை வேண்டுமென்றே மூன்றாவது முறையும் தவறான எண்ணைப் போட்டாள். காலியானால்தான் அதில் சொற்களை ஏற்ற முடியும். கருவி காலியானது. இனி தாள்தான் கதி. ஆரஞ்ச், கிட்சன், அம்ப்ரெல்லா என்று மேலிருந்து எழுத்தெழுத்தாக ஏற்றினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சொற்கள் சரியில்லை என்றது திரை. விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறுபடி ஏற்றினாள். மறுபடியும் சரியில்லை.

"தப்பா எழுதிட்டாரா?" என்றாள் அண்ணி.

"தெரியல. நான் சரியாச் சொல்லிக் குடுத்தேனான்னும் தெரியல."

கிளம்ப எழுந்த ஸ்பேனர் நின்றார். "தாளக் காட்ட வேண்டாம்மா. அடியில ஒரு கோடு போட்டிருக்காரா, பாரு."

இருந்தது. கடைசிச் சொல்லுக்குக் கீழே, அழுத்தமான பென்சில் கோடு. கணக்கு முடிந்ததற்கான கோடு என்று நினைத்திருந்தாள்.

"அது தரை. எங்க லிப்ட் ஆளுங்க எத எழுதினாலும் தரையிலேர்ந்துதான் மேல போவோம். மேலேர்ந்து படிச்சா மாடி மாறிப் போயிடும்."

கீழிருந்து ஏற்றினாள். இருபத்து நான்காவதாக ஆரஞ்ச் வந்தது. கருவி ஒரு நொடி யோசித்தது. திறந்தது.

கணினியில் செருகித் திரையை அண்ணியின் பக்கம் திருப்பினாள். அண்ணி எண்களைப் பார்க்கவில்லை.

"இருக்கா?"

"இருக்கு."

ஸ்பேனர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். தங்கை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு எழுதி வெச்சுக்கணும் அண்ணி. உங்க கையால. எங்க வெக்கிறீங்கன்னு..." நிறுத்தினாள். "எனக்கும் சொல்லுங்க."

அண்ணி பேனாவை வாங்கினாள். தாளின் அடிக்குப் போய், முதலில் ஒரு கோடு போட்டாள்.

தங்கை தன் நோட்டைத் திறந்து, காலையில் எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

நாளை: ஒன்பது மணிக்குள் மருத்துவமனை, உடலை வாங்க. அண்ணனுக்கு நீலச் சட்டை. இஸ்திரி போட வேண்டும்.