வேடிக்கைக்கு ஒரு வாக்கியம்

"அடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"குடிக்கிறாரா?"

"சேச்சே."

"வேற எவளாவது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அப்புறம் என்னடி? சிரிக்கிறாரு, நாலு பேரைச் சிரிக்க வைக்கிறாரு. அதுக்கா பெட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கே? உங்கப்பா இருபத்தெட்டு வருஷத்துல என்னைப் பாத்து ஒரு தடவை சிரிச்சிருப்பாரா, கேட்டுப் பாரு. நான் கொடுத்து வைக்கல, நீ கொடுத்து வெச்சிருக்கே. காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அம்மா சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னது இது. அவளும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு பேர் முன்னால் என்னை வைத்துச் சிரிக்காதீர்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. கதவைத் திறந்த கணவர் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க அம்மணி! அம்மா வீட்டுச் சாம்ராஜ்யம் அரை நாள்ல கவுந்துடுச்சா?" என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரி தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கனமான பையைத் தூக்க விடமாட்டார். தலைவலி என்றால் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். அவர் நுழைந்தால் அறைக்கு விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். அந்த விளக்கு எரிய எண்ணெய் யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட மொழிபெயர்ப்பு நிலையம். படியேறும்போதே ரப்பர் வாசனை வரவேற்கும். கீழே காற்றடிக்கும் இயந்திரம் புஸ்ஸென்று மூச்சுவிடும்போதெல்லாம் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். உரிமையாளர் அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பிழைதிருத்துநருக்குக் கமா என்று பெயர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் "இங்கே ஒரு கமா குறையுது" என்று ஆரம்பிப்பார். செக் நாட்டு இயந்திரங்கள் ஓடிய ஆலையில் இருபது வருஷம் கையேடுகளைப் படித்துச் சொன்னவர்.

அந்த மாதம் வந்த வேலை, ஓட்டல் ஊழியர்களுக்கான ஆங்கிலம்–செக் சட்டைப்பைச் சொற்புத்தகம். அதில் மகிழ்ச்சி, பொழுதுபோக்கு என்ற அத்தியாயம் மட்டும் அறுபத்திரண்டு சொற்கள். ஆங்கிலப் பாதி கணவருடையது. சொல்லுக்கு ஒரு விளக்கம், ஓர் உதாரண வாக்கியம் எழுதுவார். செக் பாதி அவளுடையது. அவள் எழுதிய செக்கை மட்டும் பார்த்து, மூலத்தைப் பார்க்காமலே கமா அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்புவார். வெள்ளிக்கிழமை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மூலத்தையும் கமா திருப்பியதையும் உரக்க வாசிப்பார்கள். ஒத்துப்போனால் அச்சுக்குப் போகும்.

மேடத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உதாரண வாக்கியத்தைக் கற்பனையில் எழுதக் கூடாது. ஒருமுறை யாரோ 'மகிழ்ச்சியான பசு சூரியனை ரசிக்கிறது' என்று எழுதிவைக்க, வாடிக்கையாளர் மொத்தத் தாளையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து, "நடந்ததை எழுதுங்க. நடந்ததுலதான் உப்பு இருக்கும்" என்பது சட்டமாகிவிட்டது.

புதன்கிழமை மதியம் கணவர் தாள்களை அவள் மேஜையில் வைத்தார். அவளுக்கு இந்த அத்தியாயம் பிடித்திருந்தது. 'என்ஜாய்' என்பதற்குச் செக்காரர்கள் சொல்லும் வினையைச் சற்றுச் சுருக்கினால், மாத்திரை சாப்பிடுவதற்கான வினை வந்துவிடும். ஆங்கிலத்தில் ஆள் புத்தகத்தை ரசிப்பான். செக்கில் புத்தகம் ஆளை மகிழ்விக்கும். இப்படி ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஏழாவது சொல்லில் நின்றாள்.

'என் மனைவி வேறொருவர் காரில் ஏறி, அவரை நானென்று நினைத்துப் பத்து நிமிஷம் திட்டினாள். எனக்கு ஒரே வேடிக்கை.'

பக்கத்தைப் புரட்டினாள். பன்னிரண்டில் மனைவி செல்போனைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். பத்தொன்பதில் மனைவி, இருபத்துநாலில் மனைவி. மொத்தம் பதினோரு வாக்கியங்களில் அவள் இருந்தாள். ஓரத்தில் மேடம் பென்சிலால் 'நல்ல உப்பு!' என்று எழுதியிருந்தார்.

முப்பத்தொன்றில் அது இருந்தது.

'இருநூறு பேர் முன்னால் மேடையில் பேச்சு மறந்துபோன என் மனைவி, காலி டம்ளரில் தண்ணீர் குடித்தாள். நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம்.'

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. செக் நாட்டிலிருந்து ஒரு குழு வந்தபோது மேடையில் மொழிபெயர்க்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மாதம் தயார் செய்தாள். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும், படித்ததெல்லாம் துடைத்த பலகை மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவை தண்ணீர் குடித்தாள். நாலாவது தடவை டம்ளரில் ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. கீழே யாரும் சிரிக்கவில்லை. பாவம் என்றுதான் பார்த்தார்கள். திரும்பும் வழியெல்லாம் கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் நண்பர் வீட்டு விருந்தில், அதே கையால் ஒரு காலி டம்ளரைத் தூக்கி நடித்துக் காட்டினார். பெரிய வெற்றி. அதன்பிறகு போகிற வீட்டிலெல்லாம், "அந்த டம்ளர் கதையைச் சொல்லுங்களேன்" என்று கேட்டு வாங்கினார்கள். அவள் அப்புறம் மேடை ஏறவே இல்லை.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"எது?"

"முப்பத்தொண்ணு."

கணவர் நாற்காலியோடு உருண்டு வந்து எட்டிப் பார்த்தார். "ஓ, டம்ளரா! நடந்ததைத்தானே எழுதச் சொன்னாங்க. நடந்துச்சா, நடக்கலையா?"

"நடந்துச்சு."

"அப்புறம்? உன் பேரையா போட்டிருக்கேன்? உலகத்துல எத்தனை கோடி மனைவி! எவளோ ஒருத்தி குடிச்சுட்டுப் போறா."

மூலையிலிருந்து கமா குரல் கொடுத்தார். "தம்பி, முப்பத்தொண்ணுல ஒரு கமா குறையுது."

"பாத்தியா, அவருக்கு அதுதான் கவலை!" கணவர் சிரித்தார். மேடம் உள்ளறையிலிருந்து சிரித்தார்.

அவள் நிமிர்ந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

அவர் முகம் சிரிப்பு வடியாமல், அன்பாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால், "இதுக்குக் கூடவா கோவம்?" என்று அதுவும் ஒரு கதையாகிவிடும்.

"பேனா இருக்கா?"

கொடுத்தார்.

மறுநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு வயது மகள் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை நீட்டினாள். பெற்றோரில் ஒருவர் வகுப்புக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச வேண்டுமாம்.

"நான் வரேன்டா" என்றாள் அவள். "செக் எழுத்தெல்லாம் எழுதிக் காட்டறேன். எல்லாருக்கும் அவங்கவங்க பேரை எழுதிக் கொடுக்கலாம்."

மகள் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாம்மா, அப்பா வரட்டும். நீ வந்தா..." என்று மேஜையிலிருந்த டம்ளரைத் தூக்கி, கண்ணை அகல விரித்து, காலி டம்ளரை மடக் மடக்கென்று குடித்தாள்.

அசல் அவர்தான். அந்த விரல் நடுக்கம், தொண்டை ஏறி இறங்குவது வரைக்கும் அவர்தான். இத்தனைக்கும் மேடைச் சம்பவம் நடந்தபோது மகளுக்கு மூன்று வயது.

"என் வாரிசுடா!" என்று கணவர் மேஜையைத் தட்டினார்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதில் கள்ளமே இல்லை. ஆனால் கடிதத்தில் அப்பாவின் பெயரைத்தான் எழுதினாள்.

 அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முப்பத்தொன்றை எடுத்தாள். மேடை, இருநூறு பேர், டம்ளர், சிரிப்பு. எல்லாச் சொற்களும் சரியாக வந்து உட்கார்ந்தன. முற்றுப்புள்ளி வைத்தாள். பேனா தாளை விட்டு எழவில்லை. முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாக்கியம் எழுதினாள். 'மனைவி சிரிக்கவில்லை.' செக்கில் அது மூன்றே சொல்.

பதினொரு வருஷ வேலையில் மூலத்தில் இல்லாத ஓர் எழுத்தைக்கூட அவள் சேர்த்ததில்லை. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அடித்துவிடலாம் என்று பார்த்தாள். அடிக்கவில்லை. ஏழாவதுக்குத் திரும்பிப் போனாள். அங்கும் எழுதினாள். பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்துநாலு... பதினோரு இடத்திலும் எழுதி, கமாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது கமா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எல்லாத்தையும் திருப்பிட்டேன்மா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு அவர் ஒரு கமாவைக்கூடக் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வாசிப்பு வழக்கம்போல ஆரம்பித்தது. முதல் ஆறு சொற்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஏழாவதைக் கணவர் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கமா தம் தாளிலிருந்து, மருந்துச்சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்தார். "என் மனைவி வேறொருவர் காரில் ஏறி, அவரை நானென்று நினைத்து, பத்து நிமிஷம் திட்டினாள். எனக்கு ஒரே வேடிக்கை. மனைவி சிரிக்கவில்லை."

"கடைசி வாக்கியம் மூலத்துல இல்லையே" என்றார் மேடம். "கமா, நீங்க சேத்தீங்களா?"

"நான் கமா மட்டும்தான் சேர்ப்பேன் மேடம். இது தாள்ல இருக்கு."

கணவர் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா! செக்லயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிறா!"

மேடம் சிரித்து, அந்த வரியை அடித்துவிட்டு, "மேலே போங்க" என்றார்.

பன்னிரண்டு வந்தது. செல்போன், குளிர்பெட்டி. "மனைவி சிரிக்கவில்லை" என்று முடித்தார் கமா. மேடம் இந்தத் தடவை அரைச் சிரிப்போடு நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் தன் தாளைப் பார்த்தாள். பத்தொன்பதில் மறுபடியும். "விடாக்கண்டி" என்றார் கணவர். மேடம் பக்கத்தைப் புரட்டினார். இருபத்துநாலில் கமா அந்த வரியை வாசித்தபோது கீழே காற்று இயந்திரம் புஸ்ஸென்று அடங்கியது நன்றாகக் கேட்டது.

முப்பத்தொன்று. கணவருக்கு அது பழக்கம். கை தானாக மேஜையிலிருந்த டம்ளரைத் தேடிப் போனது. தூக்கினார், கண்ணை விரித்தார், குடித்தார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி கையிலேயே வைத்திருந்தார்.

கமா தாளைப் பார்க்காமலே சொன்னார். "நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். மனைவி சிரிக்கவில்லை."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "சொந்தச் சரக்கைச் சேக்கக் கூடாதுன்னு உங்களுக்கு நான் சொல்லியா தரணும்?"

"தெரியும் மேடம். தப்புதான்."

"அப்புறம் ஏம்மா?"

"நடந்ததை எழுதச் சொன்னீங்க."

மேடம் ஓரத்தில் தாம் எழுதியிருந்த 'நல்ல உப்பு!' என்பதை விரலால் தேய்த்தார். பென்சில் எழுத்து கரியாகப் பரவியது.

கணவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. "என்ன அம்மணி இது? எல்லாம் சும்மா விளையாட்டுக்குத்தானே. பிடிக்கலன்னா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன, மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? இத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ வாயைத் திறந்து கேட்டிருக்கியா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் கசந்து ஏறியது. கேட்டதே இல்லை. ஒரு மேடையையும், மகளின் வகுப்பறையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, கேட்காமலே இருந்திருக்கிறாள். கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாரா, அதையும் கதையாக்கியிருப்பாரா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் காத்திருந்தார்கள். தொண்டை வறண்டிருந்தது. அவள் எதையும் குடிக்கவில்லை.

"இப்போ கேக்கறேங்க" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது, நிறுத்தாமல் பேசினாள். "நாலு பேர் முன்னாடி என்னை வெச்சுச் சிரிக்காதீங்க. இங்கேயும் வேண்டாம், வீட்டுலயும் வேண்டாம், நம்ம பொண்ணு முன்னாடி வேண்டவே வேண்டாம்."