குசாகபேயின் கத்தரிப்பூ நிற பிரேம்

கென்சாகுவுக்குத் தன் மனைவி மீது சந்தேகம் எதுவும் கிடையாது. அப்படி யாராவது கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பான். அவனுக்கு இருந்ததெல்லாம் குசாகபே மீது வயிற்றெரிச்சல் மட்டும்தான். அந்த ஆள் சைக்கிள் பந்தயத்தை விட்டே பல வருஷம் ஆகிவிட்டது, ஷிசுஓகா பக்கம் தேயிலை வியாபாரம் செய்துகொண்டு மூன்று பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறான். இருந்தாலும் கவாசாகி பந்தயத் திடலுக்கு வெளியே, காதில் பென்சில் செருகிய கிழட்டுச் சூதாடிகள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் போதும், "குசாகபே மாதிரி கடைசி வளைவுல பாயறதுக்கு இப்ப எவன் இருக்கான்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கென்சாகுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஏனென்றால் அந்தக் குசாகபேதான் அவன் மனைவி மிசுஹோவின் பழைய காதலன். கல்யாணம் வரைக்கும் போய், யாருக்கும் சரியாகத் தெரியாத ஏதோ காரணத்தால் நின்றுபோன காதல்.

அந்தக் காதல் நடந்ததெல்லாம் கென்சாகுவின் கண்ணெதிரிலேயேதான். அவன் திடலில் சைக்கிள் பரிசோதகன். ஓட்டக்காரன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கென்சாகு சக்கரத்தைச் சுழற்றி, திருகைத் தட்டி, நூல் பிடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் சைக்கிள் தடத்தில் இறங்கும். மிசுஹோ அப்போது திடலின் தின்பண்டக் கடையில் குடல் குழம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கென்சாகு தினமும் ஒரு கிண்ணம் வாங்குவான். அவள் அவனுக்குக் குழம்பை ஊற்றியபடியே, அவன் தோளுக்கு மேலே குசாகபே வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். குழம்பு பல தடவை கென்சாகுவின் விரலில் கொட்டியிருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு வார்த்தை போதும். 'கோணல்' என்று சொல்லியிருந்தால் குசாகபே அன்றைக்கு உட்கார்ந்திருப்பான். மனசு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தது. கென்சாகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சரியான சைக்கிளைச் சரி என்றான், கோணலைக் கோணல் என்றான். ஊரில் அவனுக்கு வேறு பெரிய பெயர் எதுவும் கிடையாது, இந்த ஒரு பெயர்தான் உண்டு: கென்சாகு சொன்னால் சொன்னதுதான்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்தது.

போன குளிர்காலத்தில் ரயில் நிலைய வாசலில் கென்சாகுவின் சைக்கிள் திருடுபோனது. அன்றிலிருந்து, "இனிமே சைக்கிளே வேணாம், என் காலே எனக்குப் போதும்" என்று வீம்பாக நடந்துகொண்டிருந்தான். இப்படி இருக்கும்போது மிசுஹோ ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "எனக்கு ஒரு ஃபிக்ஸி சேர்க்கணும் கென். பழைய பந்தய பிரேமா வாங்கி. நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள். பெடலும் சக்கரமும் ஒன்றாகவே சுற்றும் சைக்கிள் அது. காலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். திடலில் ஓடுவதெல்லாம் அந்த ரகம்தான். இத்தனை வருஷமாகக் கூடை வைத்த சைக்கிளில் முள்ளங்கி வாங்கப் போய்வந்தவளுக்குத் திடீரென்று பந்தய ஆசை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு உறுத்தியது.

அதோடு விட்டதா? அந்த வாரமே வேலைக்குப் போட்டுப்போகும் சாம்பல் நிறப் பேன்ட்டைக் காணவில்லை. கேட்டால், "துவைக்கப் போட்டிருக்கேன்" என்றாள். கொடியில் இல்லை. செவ்வாய்க்கிழமை அவள் தாமதமாக வந்தாள், கையில் சங்கிலி எண்ணெய் வாசம் அடித்தது. சங்கிலி எண்ணெயை மோந்தே பெயர் சொல்லக்கூடியவனிடம் அதை மறைக்க முடியுமா? பழைய பந்தய பிரேம் விற்கும் ஒகினோவின் கடைக்குத் தனியாகப் போய் வந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் தனியாக என்பதுதான் புரியவில்லை.

ஒகினோவின் கடை ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பந்தயத்தை விட்டவர்கள் விற்றுப்போன பிரேம்கள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கின. ஒகினோ முன்பு டோக்கியோவில் சைக்கிளில் தபால் பொட்டலம் கொண்டுபோனவள். கட்டையான உடம்பு, அதைவிடக் கட்டையான குரல். அவள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கோணலோ விரிசலோ உள்ள பிரேம் அந்தப் படியைத் தாண்டி வெளியே போகாது. நூலில் தேறவில்லை என்றால் அங்கேயே மேல் பாரை ரம்பத்தால் அறுத்துவிடுவாள். எவனாவது சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துப்போய் ஓட்டி, கழுத்தை முறித்துக்கொள்ளக் கூடாது. அறுபட்ட பிரேம்கள் கதவருகே ஒரு பீப்பாயில் குத்தி வைக்கப்பட்டிருந்தன.

"வாங்க பரிசோதகரே! நடந்தே வந்தீங்களா? பாவம், செருப்பு தேஞ்சிருக்குமே" என்று, மிசுஹோவோடு படியேறி வந்தவனை வரவேற்றாள் ஒகினோ.

"உன் வாய் தேயுதான்னு பாரு முதல்ல" என்றான் கென்சாகு.

மிசுஹோ எதையும் தேடவில்லை. நேராகப் போய் மூன்றாவது கொக்கியில் தொங்கிய கத்தரிப்பூ நிற பிரேமின் கீழ் நின்றுவிட்டாள். அந்த நிறம் கென்சாகுவுக்குத் தெரியும். மேல் பாரில் வெள்ளை எழுத்தில் சின்னதாக எழுதியிருந்த பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எத்தனை பந்தயங்களுக்கு அதைத் தன் கையால் தடவி அனுப்பியிருக்கிறான்!

"இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மிசுஹோ.

"யாரோடதுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. பேரு எழுதியிருக்கே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெயர் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். அந்தக் கட்டைவிரல்தான் கென்சாகுவைச் சுட்டது. மறைத்திருந்தாலாவது சண்டை போடலாம், இப்படிப் பளிச்சென்று சிரித்தால் என்ன செய்வது?

"இது உனக்குப் பெரிசு. பாரு, இவ்வளவு உயரம். கால் எட்டாது."

"சீட்டை இறக்கிக்கலாம்."

"எவ்வளவு இறக்கினாலும் பார் இறங்காதே. அந்தாளு உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சது இது."

"அதெல்லாம் பரவாயில்ல கென்."

பரவாயில்லையாம்! உடம்புக்குச் சேராத பிரேமைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றால், அது பிரேமுக்காகவா? கென்சாகு பக்கத்தில் தொங்கிய வேறு நான்கு பிரேம்களைக் காட்டினான். நீலம் ஒன்று அவள் உயரத்துக்கு அச்சாக இருந்தது. முத்து வெள்ளை ஒன்று அதைவிட இலேசு. அவள் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கத்தரிப்பூவிடம் வந்தாள்.

"ஃபோர்க்ல பிரேக்குக்கு ஓட்டை இல்ல. இதை ரோட்டுல ஓட்டினா போலீஸ் பிடிப்பான்" என்றான் கடைசி அஸ்திரமாக.

"அதுக்குப் பட்டை போட்டு மாட்டிக் குடுத்துடறேன். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று ஒகினோ அந்த அஸ்திரத்தையும் முறித்தாள். "சும்மா நொட்டை சொல்லாத கென்சாகு. இந்தா நூலு. நீயே பிடிச்சுப் பாரு. உன்னை வச்சுக்கிட்டு நான் பிடிச்சா ஊரு சிரிக்கும்."

அவன் நூலை வாங்கினான். பின்சக்கரம் உட்காரும் இரண்டு வாய்களில் ஒன்றில் முடிச்சுப் போட்டு, நூலை முன்னே கொண்டுபோய்க் கழுத்துக் குழாயைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இறுக்கினான். நடுவில் நிற்கும் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் பிரேம் நேர். இடது பக்கம் எஃகு ஸ்கேலை வைத்தான். இருபத்தெட்டு மில்லி. வலது பக்கம் வைத்தான். இருபத்தெட்டு. மயிரிழை பிசகவில்லை. குசாகபே இதோடு இரண்டு தடவை கீழே விழுந்ததை அவனே பார்த்திருக்கிறான். விழுந்தும்கூடக் கோணாமல் நிற்கிறதே, இந்த ஆளுக்கு எதுவுமே கோணாதா என்று இருந்தது.

மிசுஹோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பெண்ணைப் போல. அந்தக் காலத்தில் அவன் தோளுக்கு மேலே பார்த்தாளே, அதே கண். இவ்வளவு ஆசையா? இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து காய்ச்சலில் படுத்து எழுந்து, இன்னமும் அந்த ஆள் பெயரை எழுதிய இரும்புக்கு இவ்வளவு ஆசையா?

கென்சாகு நூலை அவிழ்த்தான்.

"கோணல்" என்றான். "மூணு மில்லி. வலப்பக்கம் வாங்கியிருக்கு."

குரல் நடுங்கவே இல்லை. அதுதான் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒகினோ ஸ்கேலைக் கேட்கவில்லை, நூலைக் கேட்கவில்லை. "அடக் கடவுளே, விழுந்ததுல வாங்கியிருக்கும் போல" என்றாள். மிசுஹோவின் முகம் சுருங்கிப் போனது. அவளும் மறுவார்த்தை பேசவில்லை. சொன்னது கென்சாகு ஆயிற்றே.

அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. ஒகினோ பிரேமை இறக்கி இடுக்கியில் மாட்டியபோது இன்னும் நன்றாக இருந்தது. ரம்பத்தை எடுத்து, சரியாகப் பெயருக்கு அடுத்தாற்போல வைத்தாள். சீக்கிரம் அறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். ரம்பம் கீச்சென்று இறங்கியது. கத்தரிப்பூ நிறத் துகள் தரையில் உதிர்ந்தது.

"ச்சே" என்றாள் மிசுஹோ. கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு தேடினோம் ஒகினோக்கா. இதை விட்டா இந்த அளவு எங்க கிடைக்கப்போவுது?"

"கிடைக்காதுதான்" என்றாள் ஒகினோ, அறுப்பதை நிறுத்தாமல். "கென்சாகு, உன் பொண்டாட்டி போன செவ்வாய்க்கிழமை உன் பேன்ட்டைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வந்தாய்யா! சாம்பல் கலர் பேன்ட்டு. கால் நீளம் அளந்து, கடையில தொங்கற அத்தனையையும் இறக்கிப் பார்த்தோம். உன் காலுக்குச் சேர்ந்தது இது ஒண்ணுதான்."

"என் காலுக்கா?"

"பின்ன என் காலுக்கா? உனக்குன்னு சொன்னா வேணாம்னுவேன்னு, தனக்குன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தா. நீ பார்த்துச் சரின்னு சொன்ன வண்டியில நீயே ஏறணுமாம். பேரைச் சுரண்டிட்டு உன் பேரை எழுதச் சொல்லியிருந்தா."

"நிறுத்து!" என்று கத்தினான் கென்சாகு.

ரம்பம் நின்றது. குழாயில் பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது. மெல்லிய குழாய் அது. திடல் பிரேம்கள் எல்லாம் மெல்லியவைதான், அந்த மெலிவுக்குத்தான் அத்தனை விலையும்.

"ஏன்யா நிறுத்தணும்? கோணல்னியே."

கென்சாகு வாயைத் திறந்தான். வரவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்வதற்கு இந்த வாய் பழகவில்லை. ஒகினோ அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நூலை எடுத்து அவளே கட்டினாள். ஸ்கேலை இந்தப் பக்கம் வைத்தாள், அந்தப் பக்கம் வைத்தாள். திரும்பவும் இந்தப் பக்கம் வைத்தாள்.

"இருபத்தெட்டு, இருபத்தெட்டு" என்றாள் மெதுவாக. அவ்வளவு கட்டைக் குரலிலிருந்து அவ்வளவு மெதுவான பேச்சை யாரும் கேட்டதில்லை. "நான் பார்த்திருக்கணும். நீ சொன்னதும் பார்க்கத் தோணல."

மிசுஹோவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்தவில்லை, அழவும் இல்லை. அவனைப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"குசாகபே எத்தனை தடவை இதே வண்டியை உன் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினான்" என்றாள். "உனக்கு அவனைக் கண்டாலே ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். விரல்ல குழம்பு கொட்டினாலும் நீ எதுவும் சொல்லாம போவே. ஒரு நாள் நீ அவன் வண்டியைக் கோணல்னு சொல்லி உக்கார வைப்பேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லல. அதைப் பார்த்துத்தான் எனக்கு உன் மேல மனசே வந்துச்சு. அது தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அவனும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அவன்கிட்டகூட நீ பொய் சொல்லல கென். என்கிட்ட சொல்லிட்டியே."

கென்சாகு தரையில் கிடந்த கத்தரிப்பூத் துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வேற பார்க்கலாம்" என்றான். நீல பிரேமைக் கையால் காட்டினான். அது அவனுக்குச் சின்னது என்று அவனே ஐந்து நிமிஷத்துக்கு முன் சொல்லாமல் சொல்லியிருந்தான்.

மிசுஹோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் பொட்டலம் கட்டுங்க ஒகினோக்கா" என்றாள் இடுக்கியைக் காட்டி.

"இதை ஓட்ட முடியாதும்மா. பாதி அறுத்தாச்சு. என் கடை வழக்கம் உனக்குத் தெரியும், அறுத்தது வெளியே போகாது."

"கோணல் வெளியே போகாதுன்னுதானே வழக்கம்? இது நேராத்தானே இருக்கு."

ஒகினோ யோசித்தாள். பிறகு இடுக்கியைத் தளர்த்தினாள்.

இப்போது அந்த பிரேம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே சுவரில் தொங்குகிறது. ஆணி அடித்து மாட்டியது மிசுஹோவேதான். பெயர் தெரிகிற பக்கத்தை வெளியே வைத்து மாட்டினாள். கென்சாகு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் குசாகபே தெரிவான், அடுத்து அறுப்பு தெரியும். மிசுஹோ அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள், காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி வைக்கிறாள். எல்லாம் பழையபடிதான்.

கென்சாகு இன்னமும் நடந்துதான் வேலைக்குப் போகிறான். திடலில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் இப்போது இரண்டு தடவை நூல் பிடிக்கிறான். இளம் ஓட்டக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் சும்மா இருப்பதில்லை. "அட, குசாகபேயோடதா! எவ்வளவு நல்ல பிரேம்! இதை எந்தப் பாவி அறுத்தான்?" என்று கேட்பார்கள். மிசுஹோ குழம்பு ஊற்றிக்கொண்டே, சிந்தாமல், கணவன் பக்கம் கையைக் காட்டுவாள்.

"இவர்கிட்ட கேளுங்க. இவர்தான் நூல் பிடிச்சுப் பார்த்தாரு. இவர் சொன்னா சொன்னதுதான்."