மூக்கு மூடிக்குள் புகுந்த காற்று

பேருந்து டிப்போவில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் காதைச் சாய்த்து நின்றே எந்த வால்வு தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷத்தில் அவர் கை வைத்து ஓடாமல் போன வண்டி கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு எலுமிச்சம்பழ அளவே இருந்த ஓர் எஞ்சின் மூன்று வாரம் தண்ணி காட்டியது.

அது அவர் கொழுந்தியாளுடைய ரிமோட் விமானத்தின் எஞ்சின். அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வாரத்தில் ஆறு நாள் சின்னக் குழாய்களோடும் நுண்ணோக்கியோடும் மல்லுக்கட்டுவாள். ஏழாவது நாள் காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் மைதானத்துக்குப் போய் விமானம் விடுவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போதும், இவள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள் என்று அவளுடைய அக்கா, அதாவது டாக்டரின் மனைவி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

விமானத்தை அவளே கட்டியிருந்தாள். இறக்கையின் நீளம் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். எஞ்சினை மூடுகிற மூக்கு மூடியையும் துணிமேல் பிசின் பூசி, காயவைத்து, தேய்த்து, ஒரு மாதம் உட்கார்ந்து செய்திருந்தாள். ஆனால் மேலே போன நாலாவது நிமிஷம் எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடும். சத்தமில்லாமல் மிதந்து வருவதை எப்படியோ தரைக்குக் கொண்டுவந்துவிடுவாள். மூன்றாவது தடவை அது முள்புதருக்குள் போய் இறங்கியது. இறக்கையில் கீறல்களோடு அதை நேராக அக்கா வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

"சூடாகித்தான் நிக்குது அத்தான். ஏன் சூடாகுதுன்னுதான் பிடிபடல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று கேட்டார். தண்ணீரே கிடையாது, காற்றும் எரிபொருளில் கலந்திருக்கும் எண்ணெயும்தான் இதைக் குளிரவைக்க வேண்டும் என்றாள் அவள். அரை மணி நேர வேலை என்று நினைத்து, வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் இருந்த மேசையில் விமானத்தை இறுக்கிக் கட்டினார்.

முதலில் எரிபொருளைப் பார்த்தார். ஊசி வால்வு ரொம்ப இறுகி இருந்தது. எரிபொருள் குறைவாகப் போனால் சூடு ஏறத்தான் செய்யும். கொஞ்சம் திறந்துவிட்டார். புகை கூடியது, எஞ்சின் அஞ்சு நிமிஷம் ஓடி நின்றது. தொட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதை மாற்றினார். முன்விசிறியைச் சின்னதாகப் போட்டுப் பார்த்தார். பிளக்கை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் கூடியது. இதிலேயே ரெண்டு வாரம் போனது, அதற்கு மேல் மசியவில்லை. அவள் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி. எஞ்சினை நோக்கிப் பிடித்தால் சூட்டை எண்ணாகக் காட்டும். மூடியோடு ஓட்டினால் நூற்று அறுபத்தைந்து டிகிரி. மூடியைக் கழற்றி ஓட்டினால் நூற்றுப் பதினைந்து.

அப்படியானால் கோளாறு மூடியில்தான். டாக்டருக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. மூடியின் முன்னால் காற்று நுழைகிற வாய் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்கினால் காற்று நிறைய வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அவள் ஒரு மாதம் தேய்த்த மூடியின் வாயை இரண்டு மடங்காக வெட்டினார். மறுபடி ஓட்டினார்கள். நூற்று எழுபத்தெட்டு. மூன்றாவது நிமிஷமே நின்றது. டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவருக்கு மண்டை காய்ந்தது. காற்று கூடினால் சூடு எப்படிக் கூடும்? தட்டில் சோறு ஆறுவதைப் பார்த்து, அதையாவது சூடாகச் சாப்பிடுங்கள் என்றாள் மனைவி.

அடுத்த லீவு நாளில் கொழுந்தியாள் ஒரு சின்னப் புட்டியோடு வந்தாள். துணிக்குப் போடும் நீலப்பொடியை மெஷின் எண்ணெயில் குழைத்து எடுத்து வந்திருந்தாள்.

"காத்து உள்ள போய் என்ன பண்ணுதுன்னு நமக்குத் தெரியல. அதுகிட்டயே கேட்டுப் பாப்போம்."

சொட்டுக்குழாயால் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்த தகடுகளின் ஓரத்திலும் மூடியின் உள்சுவரிலும் புள்ளி புள்ளியாக நீலம் வைத்தாள். கூடத்தில் ரத்தத் துளி வைத்துப் பழகிய கை. ஒரு புள்ளி இன்னொன்றைத் தொடவில்லை. ஒரு நிமிஷம் ஓட்டி நிறுத்தினார்கள். சூடு தணிந்ததும் டாக்டர் நாலு திருகையும் கழற்றி மூடியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

காற்று தான் போன வழியை எழுதிவைத்திருந்தது. வாயருகே இருந்த புள்ளிகள் நேராக உள்நோக்கி நீண்டு கோடுகளாகியிருந்தன. சிலிண்டருக்கு முன்னால் வந்ததும் கோடுகள் இரண்டாகப் பிரிந்தன. அதைத் தொடாமல், மூடியின் சுவரை ஒட்டிப் பின்னால் போய், அங்கே கைரேகைச் சுழி மாதிரி சுருண்டு, திரும்பி, வந்த வாய்க்கே போயிருந்தன. தகடுகளின் ஓரத்தில் வைத்த புள்ளிகள் மட்டும் வைத்தபடியே உருண்டையாக இருந்தன. அந்தப் பக்கம் காற்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கைப்பிடி இடத்துக்குள் இத்தனை போக்குவரத்தா? ஆயுசெல்லாம் காற்றில்தான் மூச்சுவிட்டிருக்கிறார், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

"இத்தன நாளும் இப்படித்தான் போய்க்கிட்டிருந்துச்சா?" என்றார். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"ஆமா அத்தான். நாமதான் பாக்கல."

பின்னால் போகப் பார்த்த காற்றுக்கு, புகைக்குழாயைச் சுற்றி ஒரு விரற்கடை சந்துதான் இருந்தது. வெளியே போக இடமில்லாமல் உள்ளேயே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வாயைப் பெரிதாக்கியபோது முட்டல்தான் கூடியது.

என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆனாலும் அதைச் செய்ய டாக்டருக்குக் கை கூசியது. சூட்டில் தவிக்கிறவன் வாயைப் பொத்துவது மாதிரி இருக்கிறதே என்றார். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, தான் பெரிதாக்கிய வாயைத் தானே அடைத்தார். சிலிண்டருக்கு நேராக இரண்டு விரல் அகலம் மட்டும் விட்டார். உள்ளே இரண்டு பக்கமும், நகம் நுழையும் இடைவெளியில், தகடுகளை அணைத்தாற்போல் சுவர் வைத்தார். மூடியின் அடியில், பின்பக்கம், வாயைப்போல் மூன்று மடங்குக்கு வழி திறந்தார். அவள் மறுபடி நீலம் வைத்தாள்.

இந்தத் தடவை சீப்பால் வாரிய மாதிரி, ஒவ்வொரு தகட்டிடுக்கிலும் நீலக்கோடு ஓடியிருந்தது. வெப்பமானி நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. இன்னொரு தரம் ஓட்டச் சொல்லி, விசிறிக்கு எட்டாமல் பின்பக்கமாக வந்து, அடிவாசலுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். வெதுவெதுப்பான காற்று சீராகக் கையை அழுத்தியது. எஞ்சின் நிற்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

மறுநாள் அவளும் லீவு சொன்னாள், அவரும் சொன்னார். மைதானத்தில் விமானம் கொஞ்ச தூரம் ஓடி, லேசாகத் துள்ளி மேலே எழும்பியது. நாலாவது நிமிஷம் வந்தபோது டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அஞ்சு, ஏழு, பத்து. சத்தம் பிசிறடிக்கவில்லை. அவள் அதைப் புரட்டினாள், தலைகீழாக ஓட்டினாள், வானத்தில் ஒரு கரும்புள்ளியாகும்வரை ஏற்றினாள். அண்ணாந்து பார்த்த டாக்டருக்குக் கழுத்து வலித்தது. கண்ணை எடுக்க மனசு வரவில்லை. அந்தப் புள்ளிக்குள் இரண்டு விரல் அகல வழியாகக் காற்று நுழைந்து, தகடு தகடாகத் தடவி, சூட்டை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. வானம் முழுக்க இருப்பதில் ஒரு சிட்டிகை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

பன்னிரண்டாவது நிமிஷம் எஞ்சின் ஓட ஓடவே விமானம் தரை தொட்டு, உருண்டு வந்து நின்றது. அவள் எஞ்சினை நிறுத்தி, வெப்பமானியை அவரிடமே கொடுத்தாள். நூற்று எட்டு.

வீட்டில் மனைவி என்னதான் கோளாறு என்று விசாரித்தாள். காற்று உள்ளே வந்தது, வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான் என்றார். இதற்கா மூன்று வாரம் என்றாள் அவள். விளக்க வாயெடுத்தார், ரெண்டு கையையும் காற்றில் வளைத்துக் காட்டினார், பாதியில் விட்டுவிட்டார்.

"நீயும் ஒரு தடவ வந்து பாரேன்," என்றார்.

அடுத்த வாரம் மைதானத்துக்கு மூன்று பேராகப் போனார்கள்.