சுவரலமாரி ஆபீஸ்

மாடி வராந்தாவில் இருந்த சுவரலமாரியில் பல வருடமாக வேண்டாத சாமான்கள்தான் கிடந்தன. ஓடாத மிக்சி, கிழிந்த கிறிஸ்துமஸ் ஸ்டார், யாருக்கும் பொருந்தாத மூக்குக்கண்ணாடிகள். அதைக் காலி பண்ணி ஆபீஸ் போட்டுத் தருகிறேன் என்று வினோத்ராஜ் சொன்னபோது ஷெரின் நம்பவில்லை. கோவைக் கம்பெனி ஒன்றுக்கு மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. அதுவரை கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோத்ராஜுக்குத் தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலேயே வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். நடுத்தட்டுகளை அறுத்தெடுத்தான். அந்த இடத்தில் பிளைவுட் பலகை ஒன்றை மேஜை உயரத்துக்குப் பொருத்தினான். உள்ளே பிளக் பாயிண்ட், தலைக்கு மேல் பட்டை விளக்கு. பழைய பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று கடையிலிருந்து புதுப் பூட்டும் கொண்டுவந்து மாட்டினான். நாற்காலியை இழுத்துப் போட்டால் ஆபீஸ், கதவை மூடினால் பழையபடி அலமாரி. அவன் உள்ளங்கையில் ஏறியிருந்த சிலாம்பை ஷெரின் ஊசியால் எடுத்துவிட்டாள். இப்படி ஒரு புருசன் யாருக்கு வாய்ப்பான் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தாள்.

மாமியார் ஜெபஷீலாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"அலமாரிக்குள்ள தலையக் குடுத்துக்கிட்டு நாள்பூரா இங்கிலீசு பேசுறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். முக்கியமான மீட்டிங் நடக்கும்போதுதான் குக்கரை இறக்கச் சொல்லிக் கத்துவாள்.

ஒரு வருடத்துக்குள் ஷெரினை டீம் லீட் ஆக்கும் பேச்சு வந்தது. மேலதிகாரிகள் முன்னால் ஆன்லைனில் பேசிக் காட்ட வேண்டும். கிடைத்தால் மாதம் ஒருமுறை கோவைக்குப் போய்த் தங்கிவிட்டு வரவேண்டியிருக்கும். வினோத்ராஜிடம் சொன்னாள். "நல்ல விஷயந்தான்" என்றான். தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான்.

அந்த நாளும் வந்தது. ஜெபஷீலா காலையிலேயே பெரியகுளத்தில் நடக்கும் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். வினோத்ராஜ் கடைக்கு இறங்கினான். ஷெரின் குளித்து, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து கதவை இழுத்தாள். வரவில்லை. எப்போதும் பூட்டிலேயே தொங்கும் சாவியைக் காணோம். லேப்டாப்பும் அதில் தயார் பண்ணி வைத்திருந்த ஸ்லைடுகளும் உள்ளே இருந்தன.

மாமியாருக்குப் போன் போட்டாள்.

"எந்தச் சாவி? நான் எதையும் தொடலியே ஆத்தா."

"நடிக்காதீக அத்தை. நான் மேல வந்துருவேன்னு வயிறு எரியுது உங்களுக்கு. உங்க புத்திக்குத்தான் மாமா கடைசி வரைக்கும் உங்க மூஞ்சியில முழிக்காமச் செத்தாக."

ஜெபஷீலாவுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது.

ஷெரின் கடைக்கு ஓடினாள். "என்னங்க, ஒரு கடப்பாரை குடுங்க. அத்தை அலமாரியப் பூட்டிட்டுப் போயிட்டாக."

"தேக்குக் கதவு. ஒடச்சா யாரு செஞ்சு தர்றது? அம்மா வரட்டும்" என்றான் வினோத்ராஜ், ஆணி நிறுத்துக்கொண்டே. நின்றிருந்தவர்களில் ஒருவன், "என்னண்ணே, ஆபீசரம்மா கோவமா இருக்காக?" என்றான். கடையே சிரித்தது. வினோத்ராஜும் சிரித்தான்.

மேலே வந்து அம்மிக் குழவியால் பூட்டை இடித்துப் பார்த்தாள். கைதான் வலித்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "சாரி ஷெரின், அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம்" என்றார்.

மத்தியானம் ஜெபஷீலா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். "தேடிக்க" என்றாள்.

சாப்பிட வந்த வினோத்ராஜ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அம்மா மேல எதுக்குப் பாயுற? நாந்தான் பூட்டுனேன்."

ஷெரின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"வெளியூர்ல போயித் தங்குற வேலை நமக்கு எதுக்கு? இங்கன இருந்து பாக்கத்தானே இதச் செஞ்சு குடுத்தேன்? ரசம் ஊத்து."

ஷெரின் மாமியாரைப் பார்த்தாள். ஜெபஷீலா மகனையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி உதடு அசைந்தது. அவனை நாலு வார்த்தை வைதுவிடுவாள் என்று ஷெரினுக்கு ஒரு நப்பாசை. கிழவி இவள் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருசமா வீட்டுக்கு வெளிய நான் யாருட்டயும் சொல்லாத விசயம். அத்தனை பேரு கேக்கச் சொன்னியே." பிறகு மகனிடம், "நீ செஞ்சதுதான் சரி ராசா. சாவிய நீயே வச்சுக்க" என்றாள். ரசத்தையும் அவளே எடுத்து ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து காலையில் கடைக்கு இறங்குமுன் அவன் அலமாரியைத் திறந்துவிடுவான். சாயங்காலம் மேலே வந்து பூட்டுவான். ஷெரின் பழைய வேலையையே பார்த்தாள். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண்தான் இப்போது டீம் லீட்.

அலமாரியைப் படம் பிடித்து வினோத்ராஜ் கடையில் ஒட்டினான். யாராவது விசாரித்தால் மாடிக்கே கூட்டிவந்து காட்டினான். சின்னமனூரிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் பெண் பலகையைத் தடவிப் பார்த்தாள், விளக்கைப் போட்டு அணைத்தாள்.

"எங்க வீட்டுலயும் இப்பிடி ஒண்ணு சும்மாதான் கெடக்கு. ஒக்காந்து வேலை பாக்க வசதியா இருக்காக்கா?"

வினோத்ராஜ் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றான்.

"வசதியாத்தான் இருக்கு" என்றாள் ஷெரின்.

பலகை, கீல், விளக்கு எல்லாம் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். பூட்டை மட்டும் அந்தப் பெண்ணின் புருசன் பார்த்துப் பார்த்து எடுத்தான்.