ஊசியக்காவின் முகவரி

தையல் மெஷின் பழுது பார்ப்பவளுக்குத் தன் கொழுந்தன்மேல் சந்தேகம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் துளிகூட இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. செவ்வாய்க்கிழமை அது உறுதியாகிவிட்டது.

அவளுடைய இணையப் பக்கத்தைக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். நூல் ஏன் அறுகிறது, எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று அவள் சொல்லச் சொல்லத் தட்டித் தந்தவனும் அவன்தான். ஆனால் பக்கத்துக்கு அவன் வைத்த பெயர் கடையின் முழுப் பெயர், நடுவில் மூன்று கோடுகள் வேறு. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இனி பழுது பார்க்கும் ஒவ்வொரு மெஷின் அடியிலும் முகவரியை ஸ்டிக்கராக ஒட்டப்போகிறாள். ஒரு தடவை வந்தவர்கள் திரும்பி வர வேண்டுமானால் பெயர் நாக்கில் நிற்க வேண்டுமே. யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தாள்: ஊசியக்கா. வாடிக்கையாளர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

திங்கட்கிழமை அதைக் கொழுந்தனிடம் மட்டும் சொன்னாள். கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியாது.

"சூப்பர் பேரு அண்ணி. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு வாங்கிடலாம்," என்றான்.

மறுநாள் இணைய முகவரிப் பெயர்களை விற்கும் தளத்தில் தேடினால், ஏற்கெனவே வேறொருவர் வாங்கிவிட்டார் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

"அடடா, போச்சே," என்று அவன் உச்சுக் கொட்டினான்.

கொட்டியது கொஞ்சம் கூடுதலாகவே பட்டது அவளுக்கு. நாளைக்கு என்று எதற்குத் தள்ளினான்? யாரிடமும் சொல்லாதே என்றது ஏன்? போன வாரம் எதிர்த்தெரு மெஷின் கடைக்காரனோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தானே. அவன் போனதும் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றினாள். மனதில் ஓடிக்கொண்டிருந்ததையே வைத்தாள், மறக்காது அல்லவா.

அப்புறம் நான்கு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உடம்பு சரியில்லையா அண்ணி?"

"உடம்புக்கென்ன. கூட இருக்கற சில பேரத்தான் நம்ப முடியல."

சனிக்கிழமை ஒரு தையல்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஊசியக்கான்னு போட்டுப் படிச்சேன் அக்கா. நீங்க எழுதினபடியே எண்ணெய் விட்டேன். அப்பவும் இறுகுது."

கையிலிருந்த திருப்புளி நின்றது. "எங்க போட்டு?"

"போன்லதான்."

அந்தப் பெயரை அடித்ததும் திறந்தது அவளுடைய பக்கமேதான். அது கிடைக்குமா என்று விற்கும் தளத்தில் நூறு தடவை பார்த்தவள், ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

"உங்க நீட்டுப் பேரு எங்க தையல்கூடத்துல ஒருத்தர் வாயிலயும் நுழையல. ரெண்டு வருஷம் முன்னாடி நாங்களே இந்தப் பேர வாங்கி உங்க பக்கத்துக்குத் திருப்பி விட்டோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோமே."

பூரித்துப்போக வேண்டிய நேரம். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மாலையில் கொழுந்தன் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். "நாலு நாளா உள்ள போக முடியல அண்ணி. பாஸ்வேர்ட மாத்தினீங்களா? ஒரு படம் தலைகீழா நிக்குது, சரி பண்ணிடறேன்."

நகரு, நானே போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான்கு நாள் மனதுக்குள் அவனைக் கூண்டில் ஏற்றியவளுக்கு அப்படித் தப்பிக்க மனம் வரவில்லை.

"சொல்றேன், அடிங்க தம்பி," என்றாள். "கொழுந்தன் திருடன்."

அவன் முதல் சொல்லை அடித்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"நடுவுல இடம் விடணுமா, அண்ணி?"